படம் இருக்கிறது, பெயர் எங்கே? குடும்ப ஸ்கிராப் புக்கைத் தொடங்குவது எப்படி?

வீட்டில் பாட்டி இறந்துபோகிறார். மாலைக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தாக வேண்டும். "பாட்டியோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி பறக்கிறது. பேரன், பேத்தி ஒவ்வொருவர் போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். பிரியாணி இருக்கிறது, பைக் நிறுத்திய இடம் இருக்கிறது, ஆபீஸ் ஒயிட்போர்டு இருக்கிறது. பாட்டி தனியாக, நேராகப் பார்த்து நிற்கும் படம் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டை ஓரத்தில் தெரிகிறது.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு பீரோவிலிருந்து பழைய ஆல்பம் வெளியே வருகிறது. "தாத்தா பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று பேத்தி கேட்கிறாள். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறார். "தெரியலையேம்மா. பாட்டிக்குத்தான் தெரியும்" என்கிறார். அந்தப் பாட்டி இப்போது சுவரில், மாலைக்குள்.

கொஞ்சம் முன்னே பின்னே, இது பல வீடுகளில் நடப்பதுதான். நம் வீடுகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், என்ன விசேஷம், படம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். குடும்ப ஸ்கிராப் புக் என்பது இந்தத் தகவலைக் காப்பாற்றும் வேலை. அழகான பேப்பரும் ஸ்டிக்கரும் அப்புறம்தான். முதலில் வேண்டியது ஒரு பேனா. அதைவிட அவசரமாக, பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்ல ஒரு பெரியவர்.

ஸ்கிராப் புக்... ஸ்கூல்ல ஒட்டினோமே, அதுவா?

கிட்டத்தட்ட அதுதான். ஸ்டேஷனரி கடையில் தலைவர்கள், பழங்கள், வாகனங்கள் என்று படத்தாள் வாங்கி, வெட்டி, கலர் கலரான தடித்த பக்கங்களில் ஒட்டிய அதே நோட்டு. அங்கே தலைவர்கள் இருந்த இடத்தில் இங்கே சொந்தக்காரர்கள்.

ஆல்பத்தில் படம் மட்டும் இருக்கும். ஸ்கிராப் புக்கில் படத்தோடு காகிதமும் கையெழுத்தும் கதையும் சேர்ந்து இருக்கும். உலக அளவில் இது பழைய பழக்கம். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-லேயே, பசை தடவிய பக்கங்களைக் கொண்ட ஸ்கிராப் புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

நம் வீடுகளிலும் பெயர் வைக்காமல் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பழைய டைரியில் கோலம் போட்டு வைத்த அம்மா, சமையல் குறிப்பை வெட்டி நோட்டில் ஒட்டிய சித்தி, நடிகர் படங்களைச் சேர்த்த மாமா எல்லோரும் ஸ்கிராப் புக் ஆட்கள்தான். கோட்டையூரில் சைன்போர்டு ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் போன்ற துண்டுக் காகிதங்களையும் விடாமல் சேர்த்தார். அவருடைய சேகரிப்புதான் இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஒரு காலத்தில் வேண்டாத காகிதம் என்று தோன்றியது, இன்னொரு காலத்தில் ஆதாரம் ஆகிவிடுகிறது.

எல்லாம் போன்லயே இருக்கே, போதாதா?

போதாது. போனும் கிளவுடும் வேண்டும்தான். ஆனால், அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆர்குட்டில் படம் போட்டு வைத்த தலைமுறைக்கு இது தெரியும். 2014 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படம் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ல் முடிந்தது. இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கும் தனிநபர் கூகுள் கணக்கை அதில் உள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்பதும் இப்போது அந்த நிறுவனத்தின் விதி. அப்பா இறந்தபிறகு அவர் போனின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை என்றால், பத்து வருடப் படங்கள் பூட்டிய அறைக்குள் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பும் படங்கள் சுருக்கப்பட்டுத்தான் போகின்றன. பழைய படத்தை ஸ்கேன் செய்து அண்ணனுக்கு அனுப்பினால், அவருக்குக் கிடைப்பது தரம் குறைந்த நகல். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. போனில் இருக்கும் படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். புத்தகமாக இருந்தால் பாட்டி மடியில் வைத்துப் புரட்டுவார், நாலு பேர் சுற்றி உட்காருவார்கள், "அது அப்படி இல்ல, நான் சொல்றேன் கேளு" என்று ஒருவர் தொடங்குவார். கதை வெளியே வருவது அப்போதுதான்.

எங்கே தொடங்குவது?

இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து வரிசையாக, எல்லாப் படத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைப்பார்கள். ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தரையில் கொட்டுவார்கள். ஞாயிறு இரவு அப்படியே அள்ளி உள்ளே போடுவார்கள். அதோடு சரி.

காலவரிசையை விட்டுவிடலாம். குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பத்தே பத்துப் படம் எடுத்துவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். போனில் ரெக்கார்டரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும். அந்தக் குரலும் ஒரு சேமிப்புதான்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, என்னமோ ஓடிப்போச்சு" என்றுதான் பதில் வரும். படத்தைக் காட்டிச் சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். "இந்தப் புடவை யார் எடுத்துக் கொடுத்தது?", "இந்தத் திண்ணை எந்த வீட்டுது?", "தாத்தா ஏன் இவ்ளோ விறைப்பா நிக்கிறார்?" என்று கேட்டால், ஒரு புடவையிலிருந்து ஒரு கடை, கடையிலிருந்து ஒரு கடன், கடனிலிருந்து ஒரு பெரிய கதை என்று போகும்.

வருடம் கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். சம்பவத்தைக் கேட்டால் வந்துவிடும். "தனுஷ்கோடி புயல் அடிச்ச வருஷம்" என்றால் 1964. "இந்திரா காந்தியைச் சுட்ட சமயம்" என்றால் 1984. "எம்.ஜி.ஆர். செத்தப்ப இவன் கைக்குழந்தை" என்றால் 1987 டிசம்பரை ஒட்டி. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதும் முக்கியம். ஸ்டூடியோ முத்திரையும் ஊர்ப் பெயரும் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

'பெரியப்பா' என்று எழுதினால் போதுமா?

போதாது. தமிழ் வீடுகளில் பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். படத்துக்குக் கீழே 'பெரியப்பா, அத்தை, மாமா' என்று எழுதி வைப்பார்கள். எழுதியவருக்குப் பெரியப்பா, அவர் மகளுக்குத் தாத்தா முறை. முப்பது வருடம் கழித்துப் புரட்டுபவருக்கு அது யாருடைய பெரியப்பா என்றே தெரியாது. முறை எழுதலாம், ஆனால் பெயரும் கூடவே இருக்க வேண்டும்.

பெயரிலும் சிக்கல் உண்டு. சர்டிபிகேட்டில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, ஊரில் பட்டப்பெயர் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் இனிஷியல் மாறிவிடும். பழைய பத்திரிகைகளிலும் பத்திரங்களிலும் பல பெண்கள் 'இன்னாரின் மனைவி' என்பதோடு நின்றுவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் பிறந்த பெயர், கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், யாருக்கு என்ன முறை என்ற நான்கையும் எழுதிவிடுவது நல்லது. கொள்ளுப்பாட்டியின் சொந்தப் பெயர் தெரிந்த பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அடுத்த குடும்ப விசேஷத்தில் கேட்டுப் பார்த்தால், இந்த வேலையின் அவசரம் புரிந்துவிடும்.

படம் தவிர வேறு என்ன ஒட்டலாம்?

வீட்டில் தேடினால் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகையில் மூன்று தலைமுறைப் பெயர்கள் அச்சிலேயே இருக்கும். மொய் நோட்டில் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும். ஐந்து ரூபாய் மொய் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய தொகை என்பதும் அதில் தெரியும். வேலைக்காக வெளியூர் போன தாத்தா எழுதிய இன்லேண்ட் லெட்டர், பள்ளி மார்க் ஷீட், பழைய ரேஷன் கார்டு, வந்திருந்தால் ஒரு தந்தி. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இனி அது கிடைக்கப்போவதில்லை.

கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அம்மா எழுதிய மளிகை லிஸ்ட்கூடப் போதும். 'உ' போட்டுத் தொடங்கி, துவரம் பருப்பில் முடியும் அந்தச் சீட்டில் அம்மா இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. தெர்மல் பேப்பரில் அச்சான எதுவும் நிலைக்காது. பஸ் கண்டக்டர் மெஷினில் கொடுக்கும் டிக்கெட், ஏ.டி.எம். ரசீது, கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேன் படத்தின் பிரின்ட் எல்லாம் இந்த வகை. சில வருடங்களில் வெளுத்து, வெறும் தாள் ஆகிவிடும். பிள்ளையின் முதல் ஸ்கேன் படம் பத்திரமாக ஃபைலில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், இன்றைக்கே எடுத்துப் பார்த்து, ஸ்கேன் செய்து ஒரு நகல் போட்டு வைக்கலாம்.

ஒட்டும் முன் கவனிக்க வேண்டியவை

முதல் விதி: அசலை ஒட்டக் கூடாது, நகலை ஒட்ட வேண்டும். பழைய படத்தை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னல் ஓர நிழலில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம். அதைப் போட்டோ லேபில் கொடுத்து, போட்டோ பேப்பரில் பிரின்ட் போட வேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் ஈரம் பட்டால் கரையக்கூடும். அசல் படங்கள் தனித்தனி உறையில், தனியாக இருக்கட்டும்.

மாவுப் பசை கூடாது. மைதாப் பசையும் கஞ்சியும் கரப்பானுக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் விருந்து. செல்லோ டேப் கொஞ்ச நாளில் மஞ்சளாகி, கறையை விட்டுவிட்டுக் கழன்றுவிடும். பழைய ஆல்பங்களில் வருவதுபோல, படத்தின் நான்கு முனைகளைச் செருகும் மூலைகள்தான் நல்லது. கடையில் கிடைக்கும். தாளை முக்கோணமாக மடித்து வீட்டிலும் செய்துகொள்ளலாம். பசை படத்தில் படாது, வேண்டும்போது வெளியே எடுக்கலாம்.

ஆசிட்-ஃப்ரீ என்று குறிப்பிட்ட தாளாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண மலிவுத் தாளில், குறிப்பாக நியூஸ் பேப்பரில், லிக்னின் என்ற பொருள் இருப்பதால் அது மஞ்சளாகி நொறுங்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பேப்பர் கட்டிங்கை ஒட்டுவதைவிட அதன் ஜெராக்ஸை நல்ல தாளில் எடுத்து ஒட்டுவது மேல். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை போட்டால் படத்தைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

பல வீடுகளில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி, பசைக் கோடுகள் உள்ள அட்டையில் படத்தை ஒட்டும் ஆல்பம் இருக்கும். அந்தப் பசை நாளாக ஆகப் படத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுலபமாக வரும் படங்களை மட்டும் எடுத்துவிடலாம். வரவில்லை என்றால் பிய்க்காமல், அப்படியே வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. கலர் படங்களின் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும். கறுப்பு வெள்ளைப் படம் பொதுவாக அதைவிட நீண்ட நாள் தாங்கும். அதனால் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை தாத்தாவின் கல்யாணப் படங்களைவிட, சிவந்துபோய்க் கிடக்கும் அம்மா அப்பாவின் கல்யாணப் படங்கள்தான்.

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு படம், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு கதை. இவ்வளவு போதும். பட்டியலை 'இடமிருந்து வலம்' என்று எழுதுவது வசதி. கதை நாலைந்து வரி இருந்தால் நிறைவு. அதை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. சொன்னவர் சொன்ன மாதிரியே எழுதலாம். "அன்னிக்கு மழை. போட்டோக்காரர் வர மாட்டார்னு நினைச்சோம். சைக்கிள்ல நனைஞ்சுக்கிட்டே வந்துட்டார்" என்று இருந்தால், பேசுபவர் குரலே பக்கத்தில் கேட்கும். கடைசியில், யார் சொன்னது, யார் எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது என்று ஒரு வரி.

ஒரே சம்பவத்தை அத்தை ஒரு மாதிரியும் சித்தப்பா ஒரு மாதிரியும் சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று பஞ்சாயத்து வைக்காமல் இரண்டையும் எழுதிவிடலாம். தெரியாத முகத்துக்குப் பெயரை ஊகித்து எழுதக் கூடாது. 'பெயர் தெரியவில்லை' என்று எழுதி இடம் விட்டுவைத்தால், என்றாவது ஒருநாள் யாராவது நிரப்புவார்கள்.

வெட்டி எடுத்த முகங்கள்

குடும்பப் படங்களில் ஓர் ஓரம் கத்தரியால் வெட்டப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முறிந்துபோன கல்யாணம், சொத்துத் தகராறு, சாதி மாறித் திருமணம் செய்துகொண்டதால் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அக்கா. புதிதாக ஸ்கிராப் புக் செய்பவர் கையிலும் அந்தக் கத்தரி வரும். "அவளை எதுக்கு ஒட்டுற?" என்று ஒருவர் கேட்பார்.

ஒட்டத்தான் வேண்டும். எல்லாக் காயத்தையும் விளக்கி எழுத வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர்களின் வேதனையைப் பக்கம் பக்கமாக விரிப்பதும் தவறு. ஆனால், அன்று அந்த இடத்தில் நின்றவர் நின்றார் என்பது உண்மை. முகமும் பெயரும் இருக்கட்டும். நல்லவர்கள் மட்டும், சிரித்தவர்கள் மட்டும் இருக்கும் குடும்பப் புத்தகம் கல்யாண மண்டப வாசல் பேனர் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், எதையும் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி வேலைகள் வீட்டில் மகள், மருமகள் தலையில்தான் விழும். படத்தைத் தேடுவது, பெரியவர்களோடு உட்காருவது, எழுதுவது எல்லாம் ஒரே ஆள் செய்தால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். ஸ்கேன் செய்வது தம்பி, கதை கேட்பது பேத்தி, பத்திரிகைகளைத் தேடி எடுப்பது அப்பா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிப்போயின. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. ஆல்பத்தைக் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது. சூடு ஏறும் பரணிலும் வேண்டாம். உள்சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம்.

நனைந்துவிட்டால் பதற வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிட்டால்தான் மோசம். ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காயவைக்க வேண்டும். ஹேர் டிரையரோ வெயிலோ கூடாது. உடனே முடியாது என்றால் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யலாம். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் இப்படி ஒவ்வொன்றாக அலசி உரியவர்களிடம் சேர்த்தார்கள். வீடும் காரும் போனவர்கள் தேடி வந்தது அந்தப் படங்களைத்தான்.

முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு உறவினர்களிடம் கொடுத்து வைத்தால், ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு

பெரிய திட்டம் தேவையில்லை. ஒரு பழைய படத்தைப் போனில் எடுத்து, ஊரில் இருக்கும் பெரியவருக்கு வீடியோ காலில் காட்டி, "இதுல இருக்கறவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்று கேட்பதில் தொடங்கலாம். சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, படத்தோடு சேர்த்து ஓர் உறையில் வைத்தால் முதல் பக்கம் பாதி முடிந்தது. நல்ல நோட்டு, மூலைகள், ஒட்டுவது எல்லாம் அடுத்த மாதம்கூட நடக்கலாம். கடை எப்போதும் திறந்திருக்கும். பெயர் சொல்பவர் எப்போதும் இருப்பார் என்று சொல்ல முடியாது.

அப்படியே அந்தப் பெரியவரை நேராக உட்கார வைத்து, நல்ல வெளிச்சத்தில், தனியாக ஒரு படமும் எடுத்துவிடலாம். அதற்குக் கீழே எழுத வேண்டியதை அவரையே எழுதச் சொன்னால், இன்னும் நல்லது.